ஒளி ஏன் தேய்கிறது?

ஒன்பதாம் வகுப்பில் ஒளி பாடம் நடந்துகொண்டிருந்தது. முழு அக எதிரொளிப்புக்கான படம் ஒன்றைக் கைப்பேசியில் திறந்து, வரிசை வரிசையாகக் காட்டிக்கொண்டு வந்தேன். இரண்டாம் வரிசையில் இருந்த ஒரு மாணவி படத்தைப் பார்க்கவில்லை. திரையின் மேல்விளிம்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், இங்க மேல ஒரு பட்டை மாதிரி தெரியுது. அதுக்குள்ள எழுத்துகூட இருக்கு. இது படத்துல இருக்கா, போன்ல இருக்கா?”

வாங்கிப் பார்த்தேன். வருகைப்பதிவுக்காகத் தினமும் திறக்கும் செயலியின் தலைப்புப் பட்டை அது. செயலியை மூடி வெகு நேரமாகியிருந்தது. ஆனாலும் வெள்ளைத் திரையில் அந்தப் பட்டை மங்கலாக, கொஞ்சம் பழுப்பேறிய காகிதம் போலத் தெரிந்தது. அதற்குள் எழுத்துகள் மட்டும் வெளிச்சமாக இருந்தன, பழைய புகைப்பட நெகடிவ் போல.

“சாப்ட்வேர் கோளாறும்மா. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா போயிடும்” என்றேன். அன்று மாலை அணைத்து இயக்கினேன், போகவில்லை. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவினேன், அப்போதும் போகவில்லை. பழுதுபார்ப்பவர் ஒரு நொடிதான் பார்த்தார். “ஸ்கிரீன் பர்ன் ஆயிருச்சு சார். டிஸ்ப்ளே மாத்தணும்” என்றார். அவர் சொன்ன விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன்.

வகுப்பில் நான் சொன்ன பதில் தவறு. முப்பத்தெட்டுப் பேர் கேட்ட தவறு. அதைத் திருத்துவதற்காகப் படிக்கத் தொடங்கியபோது, நாம் நடத்தும் பாடங்களில் பாதி அந்தத் திரைக்குள் இருப்பதைக் கண்டேன். முழு அக எதிரொளிப்பு, ஐசோடோப்பு, சகப்பிணைப்பு, மெக்னீசியம் நாடா எல்லாமே அதில் இருக்கின்றன.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தை நீக்கிவிடுகிறேன். கடைகளில் ‘எல்இடி டிவி’ என்று விற்கப்படுபவை பெரும்பாலும் திரவப் படிகத் திரைகள்தான். பின்னாலிருந்து எல்இடி விளக்குகள் வெள்ளை ஒளி தருகின்றன. முன்னால் உள்ள திரவப் படிகம் சன்னல் கதவைப் போல அந்த ஒளியை விடுகிறது அல்லது தடுக்கிறது. ஓஎல்இடி எனப்படும் கரிம ஒளி உமிழ் டயோடு அப்படியல்ல. அந்தத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனி விளக்கு. கறுப்பு வேண்டுமென்றால் அந்த விளக்கு அணைந்துவிடும். அதனால்தான் அதில் கறுப்பு அவ்வளவு ஆழமாக இருக்கிறது. என் கைப்பேசியின் குறைக்கும் இதுவே காரணம். தனித்தனி விளக்கு என்றால் தேய்மானமும் தனித்தனிதான். அதிகம் எரிந்தது அதிகம் மங்கும். (‘ஆர்கானிக்’ என்றதும் என் மாணவர்களுக்கு நினைவுக்கு வந்தது இயற்கை அங்காடிதான். இங்கே அதற்குப் பொருள் கார்பன் சேர்மம் என்பது மட்டுமே.)

கரிமப் பொருளுக்குள் மின்சாரத்தைச் செலுத்தி ஒளி பெறும் முயற்சி 1950களில் பிரான்சில் தொடங்கியது. 1963-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் போப் குழுவினர் ஆந்த்ரசீன் படிகத்தை நேர்திசை மின்னோட்டத்தில் ஒளிரச் செய்தார்கள். ஆனால் அதற்கு நூற்றுக்கணக்கான வோல்ட் தேவைப்பட்டது. படிகம் தடிமனாக இருந்ததே காரணம். பயன்படக்கூடிய சாதனம் 1987-இல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்திலிருந்து வந்தது. சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் இரண்டு மெல்லிய கரிமப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்தார்கள். ஒன்று எலக்ட்ரானை எளிதாகக் கடத்தும். மற்றொன்று துளையை, அதாவது எலக்ட்ரான் இல்லாத வெற்றிடத்தை, எளிதாகக் கடத்தும். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 135 நானோமீட்டர் தடிமன், தலைமுடியின் தடிமனில் சில நூறில் ஒரு பங்கு. எலக்ட்ரானும் துளையும் இரண்டு படலங்களின் எல்லையில் சந்தித்து ஒரு மூலக்கூறைக் கிளர்வுநிலைக்குக் கொண்டுசெல்கின்றன. அந்த மூலக்கூறு கீழ்நிலைக்குத் திரும்பும்போது ஒளி வருகிறது. 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தமே இதற்குப் போதுமானதாக இருந்தது.

ஆனால் அந்தச் சாதனத்தில் செலுத்திய நூறு எலக்ட்ரான்களுக்கு ஏறத்தாழ ஒரு ஃபோட்டான்தான் வெளியே வந்தது. மீதி 99 எங்கே போயின? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதுதான் அடுத்த முப்பத்தைந்து ஆண்டு வரலாறு.

பெரிய ஓட்டைகள் இரண்டு. முதலாவது, எலக்ட்ரானின் தற்சுழற்சி. எலக்ட்ரானும் துளையும் சேரும்போது அவற்றின் தற்சுழற்சிகள் நான்கு வகைகளில் அமையலாம். அவற்றில் மூன்று ஒரே குடும்பம், அதற்கு மும்மை நிலை என்று பெயர். மீதி ஒன்று ஒற்றை நிலை. சாதாரணக் கரிம மூலக்கூறு ஒற்றை நிலையிலிருந்து மட்டுமே உடனே ஒளியை உமிழ முடியும். மும்மை நிலையிலிருந்து கீழே இறங்க வேண்டுமென்றால் தற்சுழற்சி திசை மாற வேண்டும், அதற்கு இயற்கை எளிதில் அனுமதிப்பதில்லை. எனவே நான்கில் மூன்று பங்கு ஆற்றல் வெப்பமாகப் போகிறது. சாதனத்தை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் 25 விழுக்காட்டைத் தாண்ட முடியாது.

இரண்டாவது ஓட்டை அன்று நான் நடத்திக்கொண்டிருந்த பாடமேதான். கரிமப் படலத்தின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.7. காற்றுக்கு வெளியேற மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 36 டிகிரி. அந்தக் கூம்புக்குள் செல்லும் ஒளி மட்டுமே வெளியே வரும். மற்றதெல்லாம் படலத்துக்குள்ளும் கண்ணாடிக்குள்ளும் எதிரொளித்து, ஓரங்களில் கசிந்தோ உறிஞ்சப்பட்டோ மறைந்துவிடும். பின்பக்கம் செல்லும் ஒளியை உலோக மின்வாய் ஆடிபோலத் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொண்டு மேல்வகுப்பு மாணவர்களிடம் கணக்கிடச் சொல்லலாம். 1 கழித்தல் கொசைன் 36, அதாவது 0.19. ஐந்தில் ஒரு பங்கு. முழு அக எதிரொளிப்பு என்றதும் ஒளியிழையையும் வைரத்தையும் நன்மைக்கு உதாரணமாகச் சொல்கிறோம். அது இழப்பாக அமையும் இடத்தைச் சொல்வதில்லை. இனி நான் சொல்வேன்.

இரண்டையும் பெருக்கினால் கால் பங்கில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 5 விழுக்காடு. ஆரம்பகாலச் சாதனங்களின் உச்சவரம்பு அதுதான்.

முதல் ஓட்டையை 1998-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பால்டோ, ஃபாரஸ்ட், தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தாம்சன் ஆகியோர் அடைத்தார்கள். பிளாட்டினம் போன்ற கனமான அணுவைக் கரிம மூலக்கூறின் நடுவில் வைத்தால், தற்சுழற்சி மாறக்கூடாது என்ற தடை தளர்கிறது. மும்மை நிலையும் ஒளியாக இறங்கத் தொடங்குகிறது. பிறகு இரிடியம் வந்தது. 2001 வாக்கில் உள்ளே உருவாகும் ஒவ்வொரு கிளர்வுநிலையும் ஏறத்தாழ முழுவதுமாக ஒளியாக மாறும் சாதனங்கள் கிடைத்துவிட்டன. 2012-இல் ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தில் சிஹாயா அடாச்சி குழுவினர் கன உலோகம் இல்லாமலே வேறு வழி காட்டினார்கள். மும்மை நிலைக்கும் ஒற்றை நிலைக்கும் இடையிலான ஆற்றல் வேறுபாட்டை மிகச் சிறியதாக்கினால், அறை வெப்பமே மூலக்கூறை மேலே ஏற்றிவிடும். அங்கிருந்து அது ஒளியாக இறங்கும்.

சிக்கல் தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அப்படியானால் என் கைப்பேசி ஏன் தேய்ந்தது?

இங்கேதான் பயனுறுதிறனும் ஆயுளும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்பது புரிந்தது. ஒற்றை நிலையில் உள்ள மூலக்கூறு சில நானோ நொடிகளில் ஒளியை உமிழ்ந்துவிடும். மும்மை நிலையில் உள்ளது, இரிடியம் உதவினாலும், ஒரு மைக்ரோ நொடி அளவுக்குக் காத்திருக்கும். நமக்கு அது கண்ணிமைப்பொழுதுகூட இல்லை. மூலக்கூறுக்கு அது சில நூறு, ஆயிரம் மடங்கு நீண்ட காத்திருப்பு.

பள்ளி விடும் மணியை நினைத்துப் பாருங்கள். மணி அடித்ததும் வாசல் திறந்திருந்தால் பிள்ளைகள் பாட்டுக்குப் போய்விடுவார்கள். திறக்கப் பத்து நிமிடம் தாமதமானால் வாசலில் கூட்டம் சேரும், தள்ளுமுள்ளு வரும், யாராவது கீழே விழுந்து முட்டி பெயர்ந்துவிடும். திரைக்குள் நடப்பதும் இதுதான். கிளர்வுநிலையில் காத்திருக்கும் ஒரு மூலக்கூறு, அதேபோல் காத்திருக்கும் இன்னொன்றிடமோ, அந்தப் பக்கமாக வரும் ஒரு மின்னூட்டத்திடமோ தன் ஆற்றலைக் கொடுத்துவிடுகிறது. இரண்டு பங்கு ஆற்றல் ஒரே இடத்தில் சேர்கிறது. அந்த மூலக்கூறின் பிணைப்பு உடைகிறது.

எந்த நிறத்துக்கு இது அதிகம்? கணக்கு எளிது. 1240-ஐ நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் ஃபோட்டானின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் வரும். சிவப்பு 620 என்றால் 2.0. பச்சை 525 என்றால் ஏறத்தாழ 2.4. நீலம் 460 என்றால் 2.7. இனி பிணைப்பைப் பாருங்கள். கார்பன்–நைட்ரஜன் ஒற்றைப் பிணைப்பை உடைக்க 3 எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று அதிகம் வேண்டும். கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்புக்கு ஏறத்தாழ 3.6. நீல நிற மூலக்கூறு தனியாக இருக்கும்போதே விளிம்புக்கு அருகில் நிற்கிறது. இரண்டு சேர்ந்தால் 5-ஐத் தாண்டிவிடும். சிவப்பிலும் இரண்டு சேரலாம், ஆனால் அங்கே அது அவ்வளவு வலுவான அடி அல்ல.

உடைந்த மூலக்கூறு ஒளியைத் தருவதில்லை என்பதோடு நின்றால் பரவாயில்லை. அது அக்கம்பக்கத்து நல்ல மூலக்கூறுகளின் ஆற்றலையும் வாங்கி வெப்பமாக வீணாக்குகிறது. வகுப்பில் இதற்கு உதாரணம் நான் சொல்லவில்லை, மாணவர்களே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

இதனால் திரை உற்பத்தியாளர்கள் ஒரு சமரசம் செய்துகொண்டார்கள். சிவப்புக்கும் பச்சைக்கும் இரிடியம் வகை. நீலத்துக்கு மட்டும் நெடுங்காலமாகப் பழைய ஒற்றை நிலை வகை. அது மின்சாரத்தை அதிகம் தின்னும், ஆனால் விரைவாக ஒளியை உமிழ்வதால் நெடுநாள் வரும். சிக்கனமான நீலம் கையில் இருந்தும், உழைக்காது என்பதால் திரைக்குள் வைக்க முடியவில்லை.

இந்த நீலத்தின் கதையை வகுப்பறையிலேயே காட்டலாம். ஓஎல்இடி கைப்பேசியில் வெள்ளைத் திரையைத் திறந்து, ஊசிமுனையால் தொட்டு ஒரு சிறு நீர்த்துளியை அதன்மேல் வையுங்கள். துளி குவிலென்சாகி, வெள்ளைக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளைக் காட்டும். கைலென்சு இருந்தால் இன்னும் நல்லது. என் கைப்பேசியில் பச்சைப் புள்ளி சிறியது, நீலப் புள்ளி பெரியது. ஒரே அளவு ஒளியைப் பெரிய பரப்பிலிருந்து எடுத்தால் ஒவ்வொரு சதுர மைக்ரோமீட்டர் வழியாகவும் பாயும் மின்னோட்டம் குறையும், நெரிசலும் குறையும். வாசலை அகலமாக்குவது போலத்தான். மேலே சொன்ன கணக்கையெல்லாம் விட இந்தப் புள்ளிகளைத்தான் பிள்ளைகள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

மின்னோட்டத்துக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பு நேர்விகிதம் அல்ல, அதைவிடக் கடுமையானது. பல சாதனங்களில் வெளிச்சத்தைப் பாதியாக்கினால் ஆயுள் இரண்டு மடங்கு அல்ல, மூன்று நான்கு மடங்குகூட நீள்கிறது. என் கைப்பேசியின் வெளிச்சத்தை மூன்று ஆண்டுகளாக உச்சத்திலேயே வைத்திருந்தவன் நான். திரை தானாக அணைந்து தொல்லை தராமலிருக்க அமைப்பையும் மாற்றி வைத்திருந்தேன். வருகைப்பதிவுப் பக்கம் காலை முழுவதும் மேசையில் திறந்தே கிடக்கும். அந்தப் பட்டையை எரித்தவன் நான்தான்.

‘அரை ஆயுள்’ என்ற சொல்லில் ஒரு எச்சரிக்கை வேண்டும். கதிரியக்கப் பாடத்தில் வரும் அரை ஆயுள், நாம் என்ன செய்தாலும் மாறாது. ஓஎல்இடியின் அரை ஆயுள் என்பது ஒளி தொடக்க அளவில் பாதியாகும் வரையிலான எரியும் நேரம். அது வெளிச்சத்தையும் வெப்பத்தையும் பொறுத்து மாறும். அறை விளக்குக்கு அந்த அளவுகோல் போதும். திரைக்குப் போதாது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையே சில விழுக்காடு வேறுபாடு வந்தாலே கண் விளிம்பைப் பிடித்துவிடும். அதனால் திரைகளுக்கு 95 விழுக்காடாகக் குறையும் நேரத்தையே கணக்கில் எடுக்கிறார்கள்.

ஆயுளுக்கு இன்னொரு பகை நீர். எலக்ட்ரானை எளிதில் உள்ளே அனுப்பும் உலோகம், எலக்ட்ரானை எளிதில் இழக்கும் உலோகமாகத்தான் இருக்கும். டாங்கின் சாதனத்தில் இருந்தது மெக்னீசியமும் வெள்ளியும் பத்துக்கு ஒன்று என்ற விகிதக் கலவை. ஆய்வகத்தில் மெக்னீசியம் நாடாவைக் கொளுத்துவதற்கு முன் உப்புத்தாளால் தேய்க்கிறோமே, ஏன்? அதே காரணம்தான் இங்கும். ஈரமும் ஆக்சிஜனும் நுண்துளை வழியே புகுந்து உலோகத்தைக் கெடுத்தால், அந்த இடத்தில் வட்டமான கரும்புள்ளி தோன்றி வளரும். இதைத் தடுக்கும் உறை ஒரு நாளைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 10 லட்சத்தில் ஒரு கிராம் நீராவிக்கு மேல் விடக்கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அதாவது ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள உறை வழியாக நாள் முழுக்க ஒரு கிராம். சாதாரணப் பிளாஸ்டிக் தாள் ஒரே சதுர மீட்டரில் கிராம் கணக்கில் விட்டுவிடும். கண்ணாடி மூடி போதுமானது, ஆனால் மடங்காது. மடிக்கும் திரைகளுக்குக் கனிமப் படலத்தையும் கரிமப் படலத்தையும் மாறி மாறி அடுக்குகிறார்கள். கீற்று வேய்வது போல. ஒவ்வொரு கீற்றிலும் இடுக்கு உண்டு, ஆனால் இடுக்குகள் ஒன்றுக்கு நேராக ஒன்று வருவதில்லை.

வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. இந்தப் படலங்கள் படிகமாகாத கண்ணாடி நிலையில் இருக்க வேண்டும். தொடக்கத்தில் பயன்பட்ட ஒரு துளை கடத்தும் பொருள் 65 டிகிரிக்கு அருகிலேயே இளகிப் படிகமாகத் தொடங்கியது. நல்ல பாகு பூத்துப்போவது போல. பிறகு வந்தவை 95 டிகிரியையும் அதற்கு மேலும் தாங்குகின்றன. இருந்தாலும் உடைப்பு வினைகள் சூட்டில் வேகமெடுக்கும். வெயிலில் நிற்கும் வண்டியின் முன்பக்கத்தில் கைப்பேசியைச் செருகி வைப்பவர்கள் யோசிக்கலாம்.

இப்போது நடக்கும் வேலைகளில் பெரும்பகுதி காத்திருப்பைக் குறைப்பதைப் பற்றியது. 2014-இல் ஃபாரஸ்ட் குழுவினர், அப்போது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், ஒளிரும் மூலக்கூறின் செறிவை அடுக்கின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் படிப்படியாக மாற்றினார்கள். கிளர்வுநிலைகள் ஒரே ஓரத்தில் குவியாமல் பரவின. நீல இரிடிய வகையின் ஆயுள் பத்து மடங்கு உயர்ந்தது. ஒளிரும் அடுக்கைச் சூழ்ந்த உலோகப் பரப்பின் அமைப்பை மாற்றி, மும்மை நிலையை விரைவாக இறங்கச் செய்யும் முயற்சிகளும் நடக்கின்றன.

இன்னொரு வழி, இரண்டு சாதனங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. ஜப்பானின் யமகாட்டா பல்கலைக்கழகத்தில் ஜுன்ஜி கிடோ இதன் முன்னோடி. ஒரே மின்னோட்டம் இரண்டு அடுக்குகளையும் ஒளிரச் செய்யும். அதே வெளிச்சத்துக்குப் பாதி மின்னோட்டம் போதும். 2024-இல் வந்த ஐபேட் புரோ இப்படிப்பட்ட இரட்டை அடுக்குத் திரை கொண்டது. மின்னழுத்தம் இரு மடங்காவதால் மின்திறன் பெரிதாக மிச்சமாவதில்லை, ஆயுள்தான் இதில் ஆதாயம். சிக்கிக்கொண்ட ஒளியை மீட்க, வெளியேறும் பக்கத்தில் நுண்லென்சுகளைப் பதிப்பதும் உண்டு. வெளியே அதிகம் வந்தால் உள்ளே குறைவாக எரித்தால் போதுமே.

எனக்கு மிகவும் பிடித்தது டியூட்ரியம் தந்திரம். ஐசோடோப்புகளின் வேதிப்பண்பு ஒன்றுதான் என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோம். அது பெரும்பாலும் சரி, முழுக்கச் சரியல்ல. கார்பனோடு ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்ரியம் பிணைந்திருந்தால், இரு மடங்கு நிறையால் அதிர்வு மெதுவாகிறது, பிணைப்பை உடைப்பது சற்றுக் கடினமாகிறது. எல்ஜி டிஸ்ப்ளே நிறுவனம் இப்படிப்பட்ட பொருள்களைத் தன் தொலைக்காட்சித் திரைகளில் பயன்படுத்துவதாக 2021 இறுதியில் அறிவித்தது. ஒன்பதாம் வகுப்பு அணு அமைப்புப் பாடத்தில் வெறும் பெயராக வந்துபோகும் டியூட்ரியத்துக்கு இனி ஒரு வேலை சொல்லலாம்.

அடுத்த வாரம் அதே வகுப்பில், “போன வாரம் சாப்ட்வேர் கோளாறுன்னு சொன்னேன், அது தப்பு” என்று தொடங்கினேன். வகுப்பு கொஞ்சம் அதிகமாகவே நிமிர்ந்து உட்கார்ந்தது. தனித்தனி விளக்கு, பள்ளி வாசல், நீலம் சீக்கிரம் உடைவது, இவ்வளவுதான் சொன்னேன். வெள்ளைத் திரையைத் திறந்து கைப்பேசியை முதலில் அந்த மாணவியிடமே கொடுத்தேன்.

அவள் சிறிது நேரம் பார்த்தாள். “நீலம் சீக்கிரம் தேயும்னா, வெள்ளையில நீலம் குறைஞ்சா மஞ்சள்தானே சார் வரும்? பட்டை மஞ்சளாதான் இருக்கு.”

“எழுத்து?”

“எழுத்து அந்த ஆப்ல கறுப்பு. கறுப்புன்னா அங்க விளக்கு அணைஞ்சிருந்திருக்கு. அது தேயவே இல்ல. அதான் வெள்ளையா தெரியுது.”

கைப்பேசி மூன்றாம் வரிசைக்குப் போனது.